பரிபூரணத்தின் வலது கை

செய்தி வந்தபோது காலை பத்தேகால். ராஜபாளையத்து எலும்பு ஆஸ்பத்திரி ஒன்றின் எக்ஸ்ரே மேஜையில், சைக்கிளிலிருந்து விழுந்த ஒரு சிறுமி முழங்கையைப் பிடித்துக்கொண்டு அலறிக்கொண்டிருந்தாள். பொத்தானில் கை வைத்தபடி தடுப்புச் சுவருக்குப் பின்னால் நின்றிருந்தாள் சத்யப்பிரியா. ஆறு வருஷமாக அங்கே எக்ஸ்ரே டெக்னீஷியன். மேனேஜர் வைகுண்டராஜ் கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

“பரிபூரணம் போயிருச்சாம். மருமக போன் பண்ணுச்சு” என்றார். மேஜையைப் பார்த்தார். “அப்ப மருமகளும் இன்னிக்குச் சேர வராது. இந்தப் பிள்ளைய யாரு பிடிக்கது?”

ஒரு மூச்சு இடைவெளிகூட விடவில்லை. சத்யப்பிரியா வெளியே போய், வாசலில் அழுதுகொண்டிருந்த சிறுமியின் அப்பாவைக் கூட்டிவந்து, டாக்டருடைய ஈயக் கவசத்தை எடுத்து அவருக்கு மாட்டி, தோளை எங்கே பிடிக்க வேண்டும் என்று காட்டிவிட்டுப் பொத்தானை அமுக்கினாள். படம் கொஞ்சம் ஆடியிருந்தது. உடைசல் தெரிந்தது. அது போதும்.

டாக்டர் நவநீதகிருஷ்ணன் படத்தைப் பார்க்க வந்தார். ஆஸ்பத்திரி அவருடையது. முகத்தைத் துக்கத்துக்கு ஏற்றாற்போல் வைத்துக்கொண்டிருந்தார். அது அவருக்கு நன்றாக வரும்.

“எப்ப எடுக்காகளாம்?”

“சாயங்காலம் நாலு மணிக்கு, சார்.”

“ஓபி முடிச்சிட்டே போயிரலாம். நல்ல பொம்பள. பாண்டிசெல்வி எப்பருந்து வருவா?”

“செத்தது அவளோட மாமியார் சார்.”

“தெரியும்மா. அதுக்குப் பொறவுதான் கேக்கேன்.”

பரிபூரணம் வன்னியம்பட்டிக்காரர். கல்யாணமான புதிதில் ராஜபாளையத்து நூற்பு மில் ஒன்றில் ஓட்டத்தில் அறுகிற இழைகளை ஒட்டுகிற வேலை பார்த்தார். மில்லை மூடியதும் இந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் பெருக்க வந்தார். வந்த முதல் வாரமே, மேஜையில் துள்ளிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையைத் தோளில் ஒரு கை, மணிக்கட்டில் ஒரு கை என்று வைத்து அசையாமல் நிறுத்தியிருக்கிறார். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “இதுல்லா படம்” என்றாராம். அன்றோடு துடைப்பம் வேறொருத்தி கைக்குப் போயிற்று. அதன்பிறகு இருபத்தேழு வருஷம் பரிபூரணத்துக்கு அந்த அறையில் பிடிப்பதுதான் வேலை. பிள்ளைகளைப் பிடித்தார். நிற்க முடியாத கிழவர்களைப் பிடித்தார். குடித்துவிட்டு விழுந்து கால் முறிந்தவர்களையும் பிடித்தார். இந்த வேலைக்குப் பெயர் கிடையாது. சம்பளத் தாளில் ‘ஆயா’. ஊரில் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பிள்ளைபிடிக்காரி. அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூர ஒரு கர்வம் இருந்தது.

எலும்பை நேராக்கும்போது, படம் திரையில் ஓடிக்கொண்டே இருக்கிற இயந்திரம் ஒன்று உண்டு. அதன் மிதி டாக்டரின் காலடியில். மிதித்த காலை எடுக்க அவர் மறந்துவிடுவார். அவர் கவசம் போட்டுக்கொண்டு தள்ளி நிற்பார். உடைந்த கையை இழுத்துப் பிடித்திருக்கும் பரிபூரணத்தின் விரல்கள் கதிருக்கு நடுவில் இருக்கும். திரையில் பிள்ளையின் எலும்போடு அவருடைய விரலெலும்பும் கருஞ்சாம்பலாகத் தெரியும். அந்த ஆஸ்பத்திரி இத்தனை வருஷம் எடுத்த படங்களில் பாதியில் அவர் விரல் இருக்கிறது. பிரிண்ட் போடும்போது அந்த ஓரத்தை வெட்டிவிடுவார்கள்.

ஈயக் கவசம் இன்னொன்றும் இருந்தது. நீல நிறம், பார்வைக்குப் புத்தம் புதிது. அது பீரோவில் இருந்தது. அரசாங்கச் சோதனைக்கு ஆள் வருகிற அன்றும் ஆயுத பூஜை அன்றும் மட்டும் வெளியே வரும். ஆயுத பூஜைக்கு எக்ஸ்ரே இயந்திரத்துக்கு வாழைக்கன்று கட்டி மாலை போட்டு, அதன் முன்னால் கவசத்தை விரித்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். மறுநாள் அந்தச் சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்து, பட்டுச்சேலை மடிப்பதுபோல் ஓரம் ஓரத்தோடு சேர நாலாக மடித்து, மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டு, பீரோவில் வைப்பது பரிபூரணத்தின் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர் அவர். இந்தக் குங்குமத்தையும் அதே சிரத்தையோடு துடைத்தார். “என்னைய மாதிரி மடிக்க இந்த ஆஸ்பத்திரியில ஆளு கெடையாது” என்பார். உண்மைதான்.

உடம்பு வாங்கிய கதிரை அளக்கச் சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன வில்லை ஒன்று உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அளவெடுக்க அனுப்ப வேண்டும். ஆயாவுக்கு அது கிடையாது, டெக்னீஷியனுக்கு மட்டும். சத்யப்பிரியா வேலைக்குச் சேர்ந்த அன்று அவளுடைய வில்லையை வைகுண்டராஜ் வாங்கி, தொலைந்துவிடக் கூடாது என்று வரவேற்பறையில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். ஒவ்வொரு முறையும் அளவு பூஜ்ஜியம் என்று வந்தது. “நம்ம ஆஸ்பத்திரியில ரேடியேஷனே கெடையாது” என்று டாக்டர் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பிள்ளையாருக்குக் கதிர் படவில்லை என்பது வரைக்கும் அவர் சொன்னது சரி. சத்யப்பிரியா வில்லையை எடுத்துத் தன் சட்டையில் குத்திக்கொண்டதற்கு, படித்த திமிர் என்று ஒருவாரம் பேசினார்கள்.

அவள் கான்சாபுரத்துப் பெண். மதுரையில் கல்லூரி படித்தவள். சேர்ந்த மாதமே பரிபூரணத்திடம் சொன்னாள்.

“அக்கா, பெத்தவுகளே பிடிக்கட்டும். அவுகளுக்கு வாழ்நாள்ல ஒரு தடவை. உங்களுக்குத் தெனமும்.”

“பெத்தவுக பிடிச்சா நடுங்குவாக. பிள்ள அழுதா கைய விட்டுருவாக. ஏட்டி, நீ பொத்தானை அமுக்கு. பிடிக்கது என் வேலை.”

“கதிர் உடம்புக்குள்ள போயி என்ன செய்யும் தெரியுமா? ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நூல் மாதிரி ஒண்ணு இருக்கு. அந்த இழைய அறுத்துரும்.”

“அறுந்தா?”

“உடம்பே ஒட்டிக்கிடும். எப்பவாச்சும் அறுந்தா சரியா ஒட்டும். தெனமும் அறுந்தா ஒருநாள் ஒட்டு தப்பா விழும். தப்பா ஒட்டுனது அப்படியே பெருகும்.”

பரிபூரணத்துக்குள் மில் புத்தி ஓடியிருக்க வேண்டும். “மில்லுல ஒட்டு சரியில்லேன்னா துணியில போயித்தான் தெரியும். அதுக்குள்ள நூலு ஊரு தாண்டிப் போயிருக்கும்” என்றார். பிறகு எழுந்து போய் அடுத்த பிள்ளையைப் பிடித்தார்.

அவருக்கு எல்லார் மேலும் ஒரு இளக்காரம் உண்டு. பிள்ளை அழுவதைப் பார்த்துத் தானும் அழுகிற தாய்மார் மேல், சுவருக்குப் பின்னால் நிற்கிற சத்யப்பிரியா மேல், கவசம் போட்டும் ஓரடி தள்ளி நிற்கிற டாக்டர் மேல். பயந்தவர்களுக்கு நடுவில் தான் ஒருத்திதான் பயப்படாதவள் என்பது அவர் எண்ணம். ஆஸ்பத்திரிக்கு அந்த எண்ணம் மிகவும் வசதியாக இருந்தது. சம்பள உயர்வுக்குப் பதிலாக அவர்கள் அவருக்கு அதைத்தான் கொடுத்து வந்தார்கள்.

கை முதலில் வறண்டது. பிறகு பளபளப்பாயிற்று. வெள்ளையும் பழுப்புமாகப் புள்ளிகள். நகங்கள் நெடுக்குவாட்டில் பிளந்தன. வலது ஆள்காட்டி விரலில் பாலுண்ணி மாதிரி ஒன்று வந்து, உடைந்து, ஆறாமல் நின்றது. டாக்டர் ஒரு களிம்பு கொடுத்தார். அது தீர்ந்ததும் இன்னொன்று கொடுத்தார். “ஃபினாயில் அலர்ஜி” என்றார். பரிபூரணம் ஃபினாயிலைத் தொட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவருக்கும் யோசிக்க நேரமில்லை.

சத்யப்பிரியாதான் பிடிவாதமாக மதுரைக்குக் கூட்டிப்போனாள். சதைத் துணுக்கை எடுத்துப் பார்த்துப் புற்றுநோய் என்றார்கள். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அங்கே கேட்டார்கள். ராஜபாளையத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. விரலை எடுத்தார்கள்.

டாக்டர் நவநீதகிருஷ்ணனிடம் சத்யப்பிரியா இதைச் சொன்னபோது அவர் சிரித்தார்.

“வெயில்ல நின்னாலும் ரேடியேஷன்தாம்மா. வாழப்பழத்துலகூட இருக்கு. இன்னாருக்கு இதனாலதான் வந்துச்சுன்னு யாரு நிரூபிக்க முடியும்?”

இது முழுப் பொய்யாக இருந்திருந்தால் அவரை வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும். இவ்வளவு கதிர் வாங்கினால் இத்தனை வருஷம் ஆயுள் குறையும் என்று ஒருத்தரைக் காட்டி யாரும் சொல்லிவிட முடியாதுதான். கூட்டத்தில் எத்தனை பேருக்கு வரும் என்று சொல்லலாம். அது யாருக்கு என்று சொல்ல முடியாது. அந்தச் சின்ன இருட்டுக்குள் இந்த மாதிரி ஆட்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். ஆனால் தினமும் கதிருக்கு நடுவில் வைத்த கை பற்றி அப்படி ஒரு இருட்டும் கிடையாது. எக்ஸ்ரே கண்டுபிடித்த காலத்து டாக்டர்களே விரல் விரலாக இழந்து உலகத்துக்குக் காட்டிவிட்டுப் போன விஷயம் அது. அவரும் அதைப் படித்துத்தான் பரீட்சை எழுதியிருப்பார். அவருடைய மனைவி உண்டாகியிருந்தபோது, எக்ஸ்ரே அறை இருக்கிற நடைபாதைப் பக்கமே அவரை வரவிடவில்லை. வாழைப்பழம் மட்டும் வீட்டில் சீப்புச் சீப்பாக இருந்தது.

நாலு விரல் கையோடு பரிபூரணம் திரும்பி வந்தார். வந்து பிடித்தார். டாக்டர் பெருந்தன்மையாக, “இனிமே அந்த நீலக் கவசத்தைப் போட்டுக்கோ” என்றார். ஆயுத பூஜைக்கு முதல்நாள் அதை எடுத்தார்கள். சத்யப்பிரியா அதை மேஜையில் விரித்துவைத்து ஒரு படம் எடுத்தாள். ஈயம் முழுசாக இருந்தால் படம் வெறும் வெள்ளையாக வர வேண்டும். வெள்ளையின் நடுவில் நெடுக்காக ஒரு கறுப்புக் கோடு, குறுக்காக ஒரு கறுப்புக் கோடு. இருபத்தேழு வருஷமாக நாலாக மடித்து நீவிய இடம். துணிக்குள் ஈயம் வெடித்திருந்தது. கவசத்தை மடிக்கவே கூடாது. கட்டையில் தொங்கவிட வேண்டும். அதை விற்றவர்களும் சொல்லவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை.

டாக்டர் எட்டிப்பார்த்தார். “என்ன பரிபூரணம், ஒங்க சாமியே வந்துட்டாரு போலுக்கே. அச்சு அசலாச் சிலுவை.”

வைகுண்டராஜ் சிரித்தார். பரிபூரணம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“எங்க சாமி சும்மா வரமாட்டாரு டாக்டர். யாரையாச்சும் ஆணியடிச்ச பொறவுதான் வருவாரு.”

அன்று மாலை சத்யப்பிரியாவிடம் கேட்டார். “நாந்தான ஏட்டி மடிச்சேன்?”

“உங்களுக்கு யாரும் சொல்லலையேக்கா.”

“எம்புட்டு அழகா மடிச்சேன்” என்றார் பரிபூரணம். அவர் தன்னைப் பார்த்தே இளக்காரமாகச் சிரித்ததை அன்றுதான் சத்யப்பிரியா முதல்முறையாகப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நோய் அக்குளுக்கு ஏறிற்று. மதுரையில் படுத்திருந்தபோதுதான், தன்னுடைய இடத்துக்குத் தன் மருமகளையே எடுக்கப் போகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. மகன் ஆல்வின் திருப்பூரில் வேலை. பாண்டிசெல்வி அவன் விரும்பிக் கட்டிய பெண். கல்யாணமாகி ஒரு வருஷம். வேற்று மதத்துப் பெண் என்று பரிபூரணம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசியது குறைவு. டாக்டர் அவளுக்குப் போன் போட்டு, “ஒங்க அத்தை குடும்பத்துக்கு நாங்க செய்ய வேண்டாமா” என்றிருக்கிறார். இதை உதவி என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டார்கள். அந்த நாளிலிருந்து பரிபூரணத்துக்கு உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: பாண்டிசெல்வி அந்த அறைக்குள் போகக் கூடாது. வயிற்றில் ஒன்று உருவாகக்கூடிய காலம் அவளுக்கு. உருவாகிற உயிருக்கு, முதல் வாரங்களில், இழை அறுப்பதைப்போல் கெடுதல் வேறில்லை என்று சத்யப்பிரியா எப்போதோ சொன்னது அவருக்கு நினைவில் இருந்தது.

சத்யப்பிரியா வன்னியம்பட்டி வீட்டுக்குப் பார்க்கப் போயிருந்த ஒரு நாள், மாமியாரும் மருமகளும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“வேலைக்குப் போக வேண்டாம்னா வேண்டாம்.”

“நீங்க மட்டும் ஆஸ்பத்திரிக்காரி, நான் அடுப்படிக்காரியோ?”

“ஏட்டி, என் கைக்கு என்ன வந்துச்சுன்னு தெரியும்லா.”

“ஃபினாயில் அலர்ஜி முத்திப்போயித்தான் இப்படின்னு டாக்டரே சொன்னாக. அவிய படிச்சவிய அத்தை. அதுவும் இருபத்தேழு வருசம் நீங்க இருந்த எடம். நான் போனா மட்டும் கசக்கா?”

கையை அவிழ்த்துக் காட்டியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். பரிபூரணம் காட்டவில்லை. சேலை முந்தியால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். கட்டு மாற்றுவதுகூட நர்ஸ் வந்து, கதவைச் சாத்திக்கொண்டுதான். அந்த மருமகள் முன்னால் இரக்கத்துக்குரிய பொருளாக இருக்க அவருக்கு மனம் வரவில்லை. சத்யப்பிரியா கண்ணால் கேட்டாள். பரிபூரணம் சுவரைப் பார்த்தார். தன் கர்வத்தைக் காப்பாற்ற அவர் விலையாக வைத்தது பாண்டிசெல்வியின் உடம்பை என்று அப்போது சத்யப்பிரியாவுக்குக் கோபம் வந்தது.

பரிபூரணம் வேறு வழி பார்த்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆசாரி ஒருவரிடம் சொல்லி, கவசத்தைத் தொங்கவிட உருட்டுக் கட்டை ஒன்றை, சுவரில் முடுக்க இரண்டு முனையிலும் இரும்புப் பட்டை வைத்துக் கடைந்து வாங்கினார். சோதனைக்கு ஆள் வருவதாகத் தகவல் வந்ததால் டாக்டர் புதுக் கவசம் ஒன்று வரவழைத்திருந்தார். அது பெட்டியிலிருந்து எடுத்த கையோடு வைகுண்டராஜால் நாலாக மடிக்கப்பட்டுப் பீரோமேல் இருந்தது. “அவ உள்ள போறதை என்னால தடுக்க முடியலேன்னா, இதாவது முழுசா அவ மேல இருக்கட்டும்” என்று சொல்லிக்கொண்டு ஒரு மத்தியானம் பஸ் ஏறி வந்தார். சத்யப்பிரியா எவ்வளவு சொல்லியும் கேட்காமல், எக்ஸ்ரே அறைச் சுவர் ஓரமாக ஸ்டூலில் ஏறி, இடது கையால் இடப்பக்கத் திருகாணியை முடுக்கினார். ஏறிற்று. இரண்டாவதை எடுத்தபோது தலை சுற்றிற்று. சத்யப்பிரியா இடுப்பைப் பிடித்து இறக்கினாள்.

“என்னையவே பிடிக்க ஆளு வேண்டியதாப் போச்சு” என்றார். “செவ்வாக்கெழம வாரேன். வந்து மத்ததை முடுக்குதேன். நீ தொடாத, நீ கோணலா முடுக்குவ.”

செவ்வாய்க்கிழமைதான் காலை பத்தேகாலுக்கு அந்தப் போன் வந்தது.

மத்தியானம் சத்யப்பிரியா போய்ச் சேர்ந்தபோது, பஸ் நிறுத்தத்திலேயே கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது. ‘மருத்துவப் பணியில் தன்னையே அர்ப்பணித்தவர்’ என்று ஆஸ்பத்திரி பெயரோடு. அர்ப்பணம் என்றால் கொடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிற சின்ன விவரம் அச்சகத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டில் பெண்கள் உடம்பைக் குளிப்பாட்டி வெள்ளைச் சேலை கட்டிவிட்டிருந்தார்கள். காலுறை போட்டாயிற்று. கையுறை மட்டும் போடாமல் தட்டில் இருந்தது. அந்த ஊரில் கிறிஸ்தவ வீட்டுச் சாவில், பெட்டிக்குள் வைக்கும் முன் கைக்கு வெள்ளைத் துணிக் கையுறை போடுவார்கள். யாரும் போட முன்வரவில்லை.

“அது கரண்டு பட்ட கையாம். தொட்டா நமக்கும் ஒட்டுமாம்” என்றாள் ஒருத்தி.

“உள்ளுக்குள்ள இன்னும் எரிஞ்சிக்கிட்டேதான் இருக்குமாம்” என்றாள் மற்றவள்.

உயிரோடு இருந்தபோது ஃபினாயில் அலர்ஜி என்று நம்பிய அதே வாய்கள். எக்ஸ்ரே உடம்பில் தங்குவதில்லை. விளக்கை அணைத்தால் அறையில் வெளிச்சம் மிச்சம் இருக்காதல்லவா, அதுபோலத்தான். தங்குவது அது அறுத்துவிட்டுப் போன காயம். இதைச் சொல்லச் சத்யப்பிரியா வாயெடுத்தாள். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அடக்கிக்கொண்டு கையுறையை எடுத்தாள்.

“குடுங்கக்கா. நான் போடுதேன்” என்றாள் பாண்டிசெல்வி. “இவளுக பேசுதது கேக்கச் சகிக்கலை.”

வலது கையின் கட்டைப் பிரித்தாள். அப்படியே நின்றாள். ஆள்காட்டி விரல் இருந்த இடத்தில் தையல் தழும்பு. மிச்ச நாலு விரலும் அடுப்பில் வாட்டிய மாதிரி. நகங்கள் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. நடுவிரலிலும் ஒரு புண் தொடங்கியிருந்தது. பாண்டிசெல்வி தன் வலது கையை விரித்து ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு விரலாக நுழைத்துக் கையுறையைப் போட்டாள். ஆள்காட்டி விரலுக்கான துணி மட்டும் காலியாகத் தொங்கிற்று. அதை மடித்து உள்ளே விட்டாள்.

ஈயக் கையுறை என்று ஒன்று இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரி வாங்கியதே இல்லை. பரிபூரணம் கைக்குக் கிடைத்த முதல் கையுறை இதுதான்.

நாலு மணிக்கு முன்னால் டாக்டரின் கார் வந்தது. மாலை போட்டார். ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். பாண்டிசெல்வியிடம் வந்து, “காரியமெல்லாம் முடிச்சிட்டு வந்துரும்மா. ஒங்க அத்தை எடம் ஒனக்குத்தான்” என்றார்.

“எங்க அத்தை எடம் அந்தா இருக்கு, சார்” என்று பெட்டியைக் காட்டினாள் பாண்டிசெல்வி. “அதுக்கு நான் வரலை. படிச்சவிய நீங்க, வேற யாருக்காச்சும் ஃபினாயில் ஒத்துக்கிடுதான்னு பாருங்க.”

டாக்டர் சுற்றிப் பார்த்தார். துக்கத்தில் பேசுகிறாள் என்பதுபோல் தலையாட்டிவிட்டுக் காருக்குப் போனார்.

மறுநாள் சத்யப்பிரியா அவர் அறைக்குப் போய், இனிமேல் பெற்றவர்கள் கவசம் போட்டுக்கொண்டு பிடித்தால்தான் பொத்தானை அமுக்குவேன் என்றாள். “படம் ஆடும்” என்றார். “ஆடட்டும் சார்” என்றாள். எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம் என்கிறமாதிரி சிரித்தார். ஒருவேளை அவர் நினைப்பதுபோல் வேறு டெக்னீஷியன் கிடைக்கலாம். இந்த ஊரில் பயப்படாதவர் என்று பெயர் வாங்க ஆசைப்படும் இன்னொரு ஆயாவும் கிடைக்கலாம். இப்போதைக்குப் பெற்றவர்கள்தான் பிடிக்கிறார்கள். புதுக் கவசத்தை மடிப்புப் பிரித்து, ஒரு பழைய மேஜைமேல் நீட்டிப் படுக்க வைத்திருக்கிறாள்.

சுவரில் உருட்டுக் கட்டை இடப்பக்கத் திருகாணியில் மட்டும் நின்று, வலப்பக்கம் சரிந்து தொங்குகிறது. இரண்டாவது திருகாணி ஜன்னல் விளிம்பில், பரிபூரணம் வைத்த இடத்திலேயே இருக்கிறது.